கடிகாரம் அசையாத மாதங்கள்

என் மேசை இழுப்பறையில் நீல அட்டை போட்ட பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. பதினாறாம் வயதிலிருந்து மூன்று ஆண்டுகள் 800 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்த காலத்தில், அன்றன்று என்ன ஓடினேன், எவ்வளவு நேரத்தில் ஓடினேன் என்பதை அதில் எழுதி வந்தேன். முதல் சில பக்கங்களைப் பார்க்க இன்றைக்கும் உற்சாகமாக இருக்கும். 2 நிமிடம் 24 வினாடியில் தொடங்கி, 2:19, 2:15 என்று இறங்கி, ஓராண்டு முடிவதற்குள் 2:09-ஐத் தொட்டிருந்தேன். அதற்குப் பிறகு வரும் பதினொரு மாதங்களைப் புரட்டினால், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதும் தண்டனை பெற்றவன்போல 2:09, 2:10, 2:09, 2:08, மறுபடியும் 2:09 என்றே எழுதி வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் பெரிதாகவும் வட்டமாகவும் இருந்த கையெழுத்து அந்தப் பக்கங்களில் கிறுக்கலாகிவிட்டது.

நான் பெயர் சொல்லும்படியான வீரனாக வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் காலையில், ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் குறித்துக் கொடுப்பது மட்டுமே விளையாட்டோடு எனக்கு மிச்சமிருக்கும் உறவு. சில வாரங்களுக்கு முன், அங்கே 800 மீட்டர் ஓடும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஓடி முடித்து இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "ஆறு மாசமா இதே டைமிங்தான் வருது சார். எனக்கு இது வராதா?" அப்போதைக்கு ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். பொறுமையாக இரு, விடாமல் முயற்சி செய் என்று நான் சொன்னதெல்லாம் உண்மைதான் என்றாலும், அதே வார்த்தைகளை அந்த வயதில் என்னிடம் சொன்னவர்கள்மீது எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. அவளுக்குச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

புதிதாகப் பயிற்சிக்கு வரும் எவருக்கும் முதல் சில மாதங்கள் தேனிலவு போன்றவை. அந்த நாட்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு தசை வளர்வதால் வருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் தசையை எப்போது, எந்த வரிசையில் இயக்குவது என்று நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருகிறது. நரம்புகள் விரைவாகக் கற்றுக்கொள்கின்றன. தசை அதைவிடத் தாமதமாகத்தான் பலப்படும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் எலும்பும் இன்னும் நிதானமானவை. அவற்றுக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். ஆகவே, ஓராண்டில் பதினைந்து வினாடி குறைத்துவிட்ட ஒருவன், அடுத்த ஆண்டும் அதே கணக்கில் குறையும் என்று எதிர்பார்ப்பது இயல்பான ஆசையாக இருக்கலாமே தவிர, அவன் உடல் அப்படி எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டிருக்கவில்லை.

இதோடு வளரும் வயதும் சேர்ந்துகொள்கிறது. பெண்களுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டியும், ஆண்களுக்குப் பதினான்கு வயதை ஒட்டியும் உயரம் மிக வேகமாகக் கூடும். கைகால்கள் முதலில் நீண்டுவிட, உடல் பின்னால் வந்து சேரும். நேற்றுவரை பழகிய எட்டு வைப்பு இன்று பொருந்தாமல் போகும். பெண்களுக்குப் பூப்புக்குப் பின் எடையும் இடுப்பின் அமைப்பும் மாறுவதால், எந்தக் குறையும் வைக்காமல் பயிற்சி செய்தும் ஓரிரு ஆண்டுகள் டைமிங் நின்றுபோவதுண்டு. சிலருக்குப் பின்னோக்கியும் போகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்காததால், தன் முயற்சியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு அந்த வயதில் விளையாட்டை விட்டுப் போகும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். திறமையில்லாமல் விட்டுப் போனவர்களைவிட இவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

உச்சத்தில் இருப்பவர்களுக்கும் கடிகாரமும் அளவு நாடாவும் இதே பிடிவாதத்தைக் காட்டுகின்றன என்பதற்கு நீரஜ் சோப்ராவின் ஈட்டி எறி தூரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் போதும். 2016 ஜூலையில், போலந்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக சாம்பியன்ஷிப்பில் 86.48 மீட்டர் எறிந்து இளையோர் உலக சாதனை படைத்தபோது அவருக்கு வயது பதினெட்டு. ரியோ ஒலிம்பிக்கின் தகுதித் தூரத்தைத் தாண்டிய எறிதல்தான் அது, ஆனால் தகுதி பெறுவதற்கான கடைசி நாள் சில நாட்களுக்கு முன்னரே முடிந்திருந்தது. 2019-இல் எறியும் கையின் முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்து, அந்த ஆண்டுப் போட்டிகளும் கைவிட்டுப் போயின. 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் தங்கம் வென்ற எறிதல் 87.58 மீட்டர். பதினெட்டு வயதில் எறிந்த தூரத்தைவிட 1 மீட்டர் 10 சென்டிமீட்டர்தான் கூடுதல். அதற்கு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்குப் பின் வந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்த கணக்கு. 2022 ஜூனில் ஸ்டாக்ஹோமில் அவர் 89.94 மீட்டர் எறிந்தார். 90 மீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர் குறைவு, நம் விரல் ஒன்றின் நீளம்கூட இல்லை. இடையில் 2023-இல் உலக சாம்பியன் ஆனார், 2024-இல் பாரிஸில் 89.45 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் வெள்ளி வென்றார், ஆனால் அந்த ஆறு சென்டிமீட்டர் மட்டும் அப்படியே கிடந்தது. 2025 மே மாதம் தோஹாவில் 90.23 மீட்டர் எறிந்தபோது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. வேடிக்கை என்னவென்றால், அன்றைய போட்டியில் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். ஜெர்மனியின் யூலியன் வெபர் கடைசி வாய்ப்பில் 91.06 மீட்டர் எறிந்துவிட்டார். 2016-லிருந்து 2025 வரை கூட்டிப் பார்த்தால், ஒன்பது ஆண்டுகளில் கூடியிருப்பது 3 மீட்டர் 75 சென்டிமீட்டர். உலகின் முதல் வரிசையில் நிற்கும் ஒருவருக்கே இதுதான் விலை என்றால், ஆறு மாதமாக ஒரே டைமிங்கில் நிற்கும் பதினைந்து வயதுப் பெண் எந்தக் குற்றமும் செய்துவிடவில்லை.

நேரம் மாறாத மாதங்களில் எதுவுமே மாறவில்லை என்று நம்புவதுதான் நாம் செய்யும் தவறு. என் நோட்டின் வலது ஓரத்தில், பயிற்சியாளரின் கட்டாயத்தால் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தனியாக எழுதியிருந்தேன். தேக்கம் தொடங்கிய மாதத்தில், முதல் சுற்று 60 வினாடி, இரண்டாம் சுற்று 69. கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்துவிட்டு, கடைசி நூறு மீட்டரில் தோள்கள் காதுவரை ஏற, கால்கள் கல்லாகி, மற்றவர்கள் என்னைக் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே எல்லைக்கோட்டைத் தொட்ட ஓட்டம் அது. பத்தாவது மாதத்தில், முதல் சுற்று 63, இரண்டாம் சுற்று 66. இரண்டையும் கூட்டினால் அதே 2:09. ஆனால் முதலாவது பயத்தில் ஓடிய ஓட்டம், இரண்டாவது ஓடத் தெரிந்தவன் ஓடிய ஓட்டம். கூட்டுத்தொகையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு இது அன்று படவில்லை. பல ஆண்டுகள் கழித்து, வேறெதையோ தேடும்போது கைக்குக் கிடைத்த நோட்டைப் புரட்டியபோதுதான் பட்டது.

அதனால்தான் இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம், நோட்டில் நேரத்தை மட்டும் எழுதாதீர்கள் என்று நச்சரிக்கிறேன். ஒவ்வொரு சுற்றும் எத்தனை வினாடி, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், காலையில் எழுந்ததும் நாடி நிமிடத்துக்கு எத்தனை முறை துடித்தது, ஓடி முடித்த பின் பேச்சு வர எவ்வளவு நேரமானது என்பதையெல்லாம் எழுதினால், கடிகாரம் வாய் திறக்காத மாதங்களில் இவற்றில் ஏதாவது ஒன்று பேசும். நீளம் தாண்டும் ஒரு பையன், மிதிபலகையின் ஓரத்தில் வைத்திருக்கும் களிமண் பட்டையில் தன் ஸ்பைக்ஸின் தடம் எத்தனை முறை விழுகிறது என்று மட்டும் எண்ணி எழுதுகிறான். பத்தில் ஆறு முறை ஃபவுல் ஆகிக்கொண்டிருந்தது இரண்டாக இறங்கியிருக்கிறது. அவன் தாண்டும் அதிகபட்ச தூரம் மூன்று மாதமாக ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடவில்லை, ஆனாலும் போட்டிக்குப் போகும்போது அவன் முகத்தில் இப்போது பழைய கலவரம் இல்லை.

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன். பதினொன்றாவது மாதத்தில் என் பொறுமை போய்விட்டது. அது போனதை நானோ மற்றவர்களோ கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் அது உழைப்பு வேடம் போட்டுக்கொண்டு வந்திருந்தது. காலைப் பயிற்சி போதாதென்று, பயிற்சியாளருக்குத் தெரியாமல் மாலையில் தினமும் 8 கிலோமீட்டர் ஓடத் தொடங்கினேன். ஓய்வு நாளிலும் ஓடினேன். நான்கு வாரம் அப்படியே போயிற்று. விஷயம் தெரிந்த நண்பர்கள் என்னை வியந்து பாராட்டினார்கள்; எனக்கே என்மீது மரியாதை வந்திருந்தது.

மூன்றாவது வாரத்தில் இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் ஒரு வலி தலைகாட்டியது. கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடும் அளவுக்குச் சிறிய இடம். முதலில் ஓடி முடித்த பிறகு மட்டும் வலித்தது. பிறகு ஓடும்போதே வலித்தது. பிறகு மாடிப்படி இறங்கும்போதும் வலித்தது. "என்னடா, நொண்டுற மாதிரி தெரியுது?" என்று பயிற்சியாளர் கேட்டபோது, லேசான தசைப்பிடிப்பு என்று பொய் சொன்னேன். மூன்று வாரத்தில் ஒரு போட்டி இருந்தது. காலில் துணிப்பட்டையை இறுகச் சுற்றிக்கொண்டு அதில் ஓடினேன். இரண்டாம் சுற்றில், எதிர்ப்பக்க நேர்கோட்டில், எலும்புக்குள் யாரோ ஆணி இறக்கியதுபோல் இருந்தது. 2:16-இல் முடித்தேன். முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை என்பதால் ஒருநாள் முழுக்க எனக்கு மகிழ்ச்சி வேறு. பின்னர் எடுத்த ஸ்கேனில் மயிரிழை போன்ற முறிவு தெரிந்தது. எட்டு வாரம் ஓடக்கூடாது என்றார்கள்.

இதன் காரணத்தைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எலும்புக்குப் புதிய பாரம் வரும்போது, உடல் முதலில் பழைய எலும்புத் திசுவைச் சுரண்டி அகற்றிவிட்டு, அதன் பிறகே அந்த இடத்தில் புதியதைப் படியவைக்கிறது. சுரண்டும் வேலை முடிந்து, நிரப்பும் வேலை முடியாத இடைக்காலத்தில் எலும்பு முன்பிருந்ததைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். ஓய்வு கொடுத்தால் உறுதியாகியிருக்க வேண்டிய எலும்பின்மீது நான் தினமும் 8 கிலோமீட்டரை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். சுவர் ஈரம் காய்வதற்குள் கூரையை ஏற்றுகிறவனை யாரும் கடும் உழைப்பாளி என்று சொல்வதில்லை. ஓடுகிறவனை மட்டும் சொல்கிறோம்.

ஓடுகிறவர்களுக்கு வலி புதிதல்ல என்பதால் இந்த இடத்தில் குழப்பம் வருவது நியாயம்தான். கடினமான பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் பரவலாக இருக்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகத் தணியும். ஒரே காலில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில், அழுத்தினால் சுருக்கென்று, ஓட ஓட அதிகமாகும் வலி வேறு வகை. அதை அன்றைக்கே பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். மறைப்பதற்குத் துணிச்சல் தேவையில்லை, நான் மறைத்ததற்குக் காரணம் பயம். அடுத்த போட்டி இல்லையென்றால் நான் யார் என்ற பயம்.

வயதில் மூத்தவர்கள் இந்தப் பயத்தை எவ்வளவு எளிதாக வளர்த்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுப் போட்டிகளில் வெல்லும் பிள்ளைகளில் பலர், மற்றவர்களைவிட ஓரிரு ஆண்டு முன்னதாக உடல் முதிர்ந்தவர்கள் அல்லது வயதுக் கணக்கின் தொடக்க மாதங்களில் பிறந்து ஏறத்தாழ ஓராண்டு மூத்தவர்களாக நிற்பவர்கள். மற்றவர்கள் வளர்ந்து வந்ததும் அந்த முன்னிலை கரைந்துவிடும். உலகத் தரத்துக்கு உயர்ந்த வீரர்களையும் தேசிய அளவோடு நின்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், உலகத் தரத்தை எட்டியவர்கள் சிறுவயதில் பல விளையாட்டுகளை ஆடியவர்களாகவும், தங்கள் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கி, தொடக்கத்தில் மெதுவாக முன்னேறியவர்களாகவும் இருந்தது தெரியவந்திருக்கிறது. நார்வேயில் சிறுவர் விளையாட்டுக்கான விதிகள், சின்னஞ்சிறு வயதில் தரவரிசை வெளியிடுவதையும், பதின்மூன்று வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் நடத்துவதையும் அனுமதிப்பதில்லை. நாமோ பத்து வயதில் வாங்கிய கோப்பையைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படம் எடுக்கும்போதே, அடுத்த ஆண்டுக்கான கடனையும் அவன் தலையில் எழுதிவிடுகிறோம்.

விடாமுயற்சி என்றால் மூடிய கதவையே முட்டிக்கொண்டிருப்பது என்று புரிந்துகொள்கிறவர்கள் எலியுட் கிப்சோகேயைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2003-இல் பாரிஸில், பதினெட்டு வயதில், 5000 மீட்டரில் உலக சாம்பியன் ஆனவர் அவர். 2004 ஒலிம்பிக்கில் வெண்கலமும் 2008-இல் வெள்ளியும் வென்றவருக்கு, 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கான கென்ய அணியில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே மாரத்தானுக்கு மாறி, ஹாம்பர்கில் தன் முதல் மாரத்தானை வென்றார். 2016-லும் டோக்கியோவிலும் ஒலிம்பிக் தங்கம். 2018-இல் 2 மணி 1 நிமிடம் 39 வினாடி என்ற உலக சாதனை. 2022-இல் அதையும் முப்பது வினாடி குறைத்து 2:01:09. அவர் ஓட்டத்தை விடவில்லை, தூரத்தை மாற்றிக்கொண்டார்.

உழைத்தால் வெற்றி நிச்சயம் என்று மேடையில் பேசுவதுபோல இங்கே எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. ஜமைக்காவின் மெர்லின் ஓட்டி 1980 மாஸ்கோவில் 200 மீட்டர் வெண்கலத்தோடு தொடங்கி, 2000 சிட்னி வரை ஒலிம்பிக்கில் ஒன்பது பதக்கங்கள் வென்றார். மூன்று வெள்ளி, ஆறு வெண்கலம், ஒரு தங்கம்கூட இல்லை. 1996-இல் அட்லாண்டாவின் 100 மீட்டர் இறுதியில் அவருக்கும் கெயில் டெவர்ஸுக்கும் பதிவான நேரம் ஒன்றே, 10.94 வினாடி, படத்தை வைத்துத் தீர்மானித்ததில் தங்கம் டெவர்ஸுக்குப் போனது. இருபது ஆண்டுகள் அந்த உயரத்தில் நின்றவரைவிட அதிகப் பொறுமையை யாரிடம் கேட்க முடியும்? நானும் அந்த எட்டு வாரங்களுக்குப் பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று குழந்தைபோலத் தொடங்கி, அடுத்த ஆண்டு 2:04 வரை வந்தேன். இரண்டு நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது நடக்கவே இல்லை.

இவ்வளவையும் யோசித்து வைத்துக்கொண்டு, போன வாரம் அந்த நோட்டைப் பயிற்சிக்கு எடுத்துப்போய் அவளிடம் கொடுத்தேன். அந்தச் சுற்று நேரங்களை, 60-69, 63-66 என்று நான் வட்டமிட்டு வைத்திருந்ததை அவள் கவனிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவற்றை வேகமாகத் தாண்டிப் போய், தேதிகள் மட்டும் எழுதி எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்த இரண்டு பக்கங்களில் நின்றாள்.

"எட்டு வாரம் காலியா இருக்கே, ஏன் சார்?"

கட்டைவிரல் அளவு வலியைப் பற்றியும், பயிற்சியாளரிடம் சொன்ன பொய்யைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு குனிந்து, வலது காலின் சாக்ஸைக் கீழே இறக்கி, எலும்பின் ஓரத்தில் ஒரு புள்ளியில் விரலை வைத்தாள்.

"எனக்கும் இங்க பத்து நாளா வலிக்குது."

பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். அவர் அந்த இடத்தை அழுத்திப் பார்த்ததும் அவள் காலை இழுத்துக்கொண்டாள். அன்று அவளை ஓடவிடவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லி, அவள் அம்மாவுக்கும் தகவல் சொன்னோம். மற்ற பிள்ளைகளுக்கு நேரம் எடுத்து முடித்த பிறகு, வழக்கம்போல அவள் பக்கத்தையும் திறந்து தேதியை எழுதி, எதிரே இருந்த கட்டத்தைக் காலியாக விட்டேன்.